தைக்கும் பங்குனிக்கும் நடுவே

மாசி மாத விடியற்காலையில் கும்மிடிப்பூண்டியில் ஏதாவது ஒரு மொட்டை மாடிக்குப் போய், பையில் வளரும் கத்தரிச் செடியின் இலையை விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனையும், கூடவே கறுக்கும். நனைத்தது பனி. கறுக்க வைத்தது சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்தும் ஜி.என்.டி. சாலையிலிருந்தும் வந்து படிந்த தூசி. முதலாவது பருவத்தைச் சொல்கிறது, இரண்டாவது ஊரைச் சொல்கிறது. இங்கே செடி வளர்ப்பவர் இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் இலைமேல் கொண்டுவந்து சேர்ப்பது ஒரே இரவுதான். மேகமில்லாத, காற்றசையாத பனிக்கால இரவில் இலை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிராக வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்ட காற்றிலுள்ள நீராவி அங்கேயே நீராகிறது. ஆகவே பனி ‘பெய்கிறது’ என்று நாம் சொன்னாலும், அது வானத்திலிருந்து இறங்குவதில்லை. இலையின் மேலேயே பிறக்கிறது. தரையும் அதே போல வெப்பத்தை இழப்பதால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கிறது. புகையும் தூசியும் மேலே ஏற வழியில்லாமல் கீழேயே தங்குகின்றன. போகியன்று கொளுத்திய புகை, வெயில் ஏறும்வரை தெருவை விட்டுப் போகாமல் நிற்பதும் இந்த மூடியால்தான்.

ஐப்பசி தொடங்கிப் பருவமழை நம் மாடிக்குச் சில வேலைகளை இலவசமாகச் செய்துகொடுத்தது. குளிர்ந்த இரவுகள் இன்னும் சிலவற்றைச் செய்துகொண்டிருக்கின்றன. தைக்கும் பங்குனிக்கும் நடுவே அவை ஒவ்வொன்றாக நின்றுபோகும். எவை, எப்போது, ஏன் நிற்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பின்பனிக் காலத் தோட்டக்கலையின் பாதி.

நமக்கு வசந்தம் எது?

ஐரோப்பியத் தோட்டக்காரருக்குக் குளிர்காலத்தின் கடைசி என்பது காத்திருக்கும் காலம். மண் உறைந்திருக்கும், உருகினால்தான் வேலை. தொல்காப்பியர் காலத்துப் பருவப் பகுப்பில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயரைப் பார்த்தால் நமக்கும் பனி போய் வசந்தம் வருவதுபோலத்தான் தோன்றும். ஆனால் கான்கிரீட் மாடியில் பங்குனிப் பனியைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

சென்னை வட்டாரத்தின் சராசரியைப் பாருங்கள். ஜனவரியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ், இரவு 21. மார்ச்சில் பகல் 33, 34, இரவு 24. மே மாதத்தில் பகல் 37, 38, இரவு 28. செடி உயிர்வாழ முடியாத குளிர் இங்கே ஒருநாளும் வருவதில்லை. நம்முடைய குளிர்காலம்தான் நம்முடைய வசந்தம். செடிக்கு மிகவும் இதமான நாள்கள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. முன்னால் இருப்பது கோடை. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மாடியில் நாம் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில், கீழே வயலில் மார்கழி, தையில் தொடங்கிய நவரை நெல் வளர்ந்துகொண்டிருக்கிறது. பனியில் வேர் பிடித்து, வெயிலில் கதிர் முற்றும் கணக்கு அது.

வெப்பத்தைத் தவிர இன்னொரு கடிகாரமும் உண்டு: பகலின் நீளம். கும்மிடிப்பூண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13.4 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் பின்பாதியில் இங்கே பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஜூன் பின்பாதியில் சுமார் 12 மணி 55 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் இதே வித்தியாசம் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். ஆனாலும் நம் செடிகள் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கவனிக்காமல் விடுவதில்லை.

செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்று அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920இல் ஒரு புகையிலை ரகத்தை வைத்து நிறுவினார்கள். கோடையில் எவ்வளவு வளர்ந்தாலும் பூக்காத அந்த ரகம், பகலைச் சுருக்கியதும் பூத்தது. நம் வீட்டுப் பந்தல் அவரையும் அந்தச் சாதிதான். ஆடியில் விதைத்தால் மாதக்கணக்கில் கொடியும் இலையுமாக ஓடும். பகல் குறுகியதும் கார்த்திகை, மார்கழியில் பூவெடுக்கும். பொங்கலுக்குக் காய் கொடுக்கும். மாசியில் அதே விதையை ஊன்றிவிட்டு, ‘கொடி ஓடுது, பூவே காணோம்’ என்று விதை விற்றவரைத் திட்டுவதில் பயனில்லை. இந்த மாதத்தில் அவரை வேண்டுமென்றால் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களைத் தேட வேண்டும்.

தொழிற்பேட்டை ஓரம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் குறிப்பு. செடி உண்மையில் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தை. ஆலை வளாகத்தின் பெரிய விளக்குகள் இரவு முழுக்க நேராக விழும் மூலையில் பந்தல் அவரையையோ செவ்வந்தியையோ வைத்தால், அவற்றைப் பொறுத்தவரை நீண்ட இரவு வரவே இல்லை. அந்த மூலையை வெண்டைக்குக் கொடுத்துவிடலாம்.

காயை நிறுத்துவது இரவு

‘தக்காளிச் செடி நன்றாக இருக்கிறது, பூவும் வருகிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.’ பங்குனி பிறந்ததும் மாடித் தோட்டக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் வரும் பேச்சு இது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கரண்டி உரம் போடுகிறோம். காரணம் பெரும்பாலும் பையில் இல்லை, இரவில் இருக்கிறது.

அமெரிக்காவில் பணியாற்றிய டச்சுத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட், வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அறைகளில் தக்காளியை வளர்த்து, 1944இல் தன் முடிவுகளை வெளியிட்டார். பகலைவிட இரவு குளிர்ந்திருந்தால்தான் தக்காளி நன்றாக வளர்ந்து காய்க்கிறது என்று அவர் காட்டினார். காய் பிடிக்க ஏற்ற இரவு வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி. நம் ஊரின் தை மாத இரவு இதன் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பங்குனி இரவு தாண்டிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெப்பத்துக்கு மிகவும் பயப்படுவது மலர்ந்த பூ அல்ல. மலர்வதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டம்தான் மிக மென்மையானது. அந்த நாள்களில் இரவு வெப்பம் தணியாவிட்டால், பூ பார்க்க அழகாகத்தான் மலரும். உள்ளே மகரந்தம் மலடாக இருக்கும். இன்று உதிரும் பூவுக்குக் காரணம் போன வாரத்து இரவு.

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். தையிலும் மாசியிலும் பூக்க வேண்டுமென்றால் கார்த்திகையில் விதை குழித்தட்டில் இருந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்கள் மாசியில் தக்காளி நடவே கூடாது என்பதில்லை. காலை வெயில் பட்டு, பிற்பகலில் சுவர் நிழல் விழும் இடத்தைக் கொடுங்கள். விளைச்சலை மட்டும் கொஞ்சம் குறைத்து எதிர்பாருங்கள். முள்ளங்கி, கேரட், பீட்ரூட், கொத்தமல்லி போன்றவற்றுக்கும் இதுவே கடைசி வண்டி. வெப்பம் ஏறினால் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும், முள்ளங்கி நெட்டியாகிவிடும்.

பூசணிப் பூவின் ரகசியம்

மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய மஞ்சள் பூசணிப் பூவை எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கத்துக்குள் ஒரு தாவரவியல் வசதி இருக்கிறது. பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காம்போடு நீண்டு நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண் பூ. கொடி முதலில் ஆண் பூக்களைத்தான் வரிசையாக விடும். எண்ணிக்கையிலும் அவைதான் மிகுதி. கோலத்துக்கு ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் ஒரு காய்கூட நட்டமில்லை.

இந்த ஆண், பெண் விகிதம் பருவத்தைப் பொறுத்து மாறும். இரவு குளிர்ந்து பகல் குறுகியிருந்தால் பெண் பூக்கள் கூடும். வெப்பம் கூடிப் பகல் நீண்டால் ஆண் பூக்கள் பெருகும். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் பெண் பூவின் பக்கமும், ஜிப்ரலின் ஆண் பூவின் பக்கமும் இழுக்கின்றன. பாகல், புடலை, சுரை, பூசணி எல்லாவற்றையும் தையிலேயே ஊன்றிவிடும் வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். குளிர் முழுவதும் விலகுவதற்குள் கொடி சில பெண் பூக்களையாவது தீர்மானித்துவிடும்.

பெண் பூ வந்தால் மட்டும் போதாது. மகரந்தம் வந்து சேர வேண்டும். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் தேனீ எப்போதும் ஏறிவரும் என்று சொல்ல முடியாது. நாமே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். இதற்கு நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடியலில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். சுரையும் புடலையும் மாலைக்கு மேல் வெள்ளையாக விரிந்து, இரவில் அலையும் அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புகிறவர் பூசணி வளர்க்கட்டும். பகல் வேலை முடித்து மாலையில் வருகிறவருக்குப் பீர்க்கு சரியான கூட்டாளி. விதை வாங்கும்போது கையில் இருக்கும் நேரத்தையும் பார்த்து வாங்குவது நல்லது.

வெப்பத்தைச் சேமிக்கும் செடி

இதுவரை சொன்னதைக் கேட்டு, வெப்பம் என்றாலே கெடுதல் என்று நினைக்க வேண்டாம். வெண்டைக்கு அது வரம். மண் 20 டிகிரிக்குக் கீழே போனால் வெண்டை விதை முளைக்கவே தயங்கும்; 30 டிகிரியை ஒட்டினால் நான்கைந்து நாளில் தலைகாட்டும். மாசிப் பட்டத்தில் வெண்டையை விதைக்கச் சொல்வது இதனால்தான். கொத்தவரையும் வெயிலைக் கண்டு மிரளாத செடி. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரைக்கு எந்த மாதமும் சம்மதம்.

செடிக்கு நாள்களை எண்ணத் தெரியாது. அது வெப்பத்தை எண்ணுகிறது. 1735இல் பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமர் முன்வைத்த யோசனை இது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து, செடி வளரத் தொடங்கும் அடிப்படை வெப்பநிலையைக் கழித்தால் அன்றைய வரவு கிடைக்கும். பல பயிர்களுக்குத் தோராயமாக 10 டிகிரியை அடிப்படையாக வைப்பார்கள். நம் ஊரில் ஜனவரி நாளின் சராசரி 25.5 என்றால் வரவு 15.5. மே மாதச் சராசரி 33 என்றால் வரவு 23. அறுவடைக்கு 1,000 அலகு வேண்டும் ஒரு செடி, ஜனவரி வேகத்தில் 65 நாளும் மே வேகத்தில் 43 நாளும் எடுத்துக்கொள்ளும். விதைப் பொட்டலத்தின் முதுகில் அச்சிட்ட நாள் கணக்கு உங்கள் மாடியில் பொய்த்துப்போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு கூரையும் உண்டு. குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் போனால் வேகம் கூடாது. செடி தவிக்கத் தொடங்கிவிடும்.

மல்லிகையிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். பூ புதுக் கிளையில்தான் வரும். ஆகவே குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பனியில் வெட்டுப்பட்ட குண்டுமல்லி, வெப்பம் ஏற ஏறத் துளிர்த்து மாசி, பங்குனியில் மொட்டெடுக்கும். மார்கழி, தையில் நகை விலைக்கு விற்ற மல்லி, வெயில் வந்ததும் சரசரவென்று இறங்கிவிடுவது இதனால்தான். வீட்டுச் செடியைக் கார்த்திகையில் வெட்ட மறந்தவர்கள், காய்ந்த குச்சிகளையும் நோஞ்சான் கிளைகளையும் மட்டும் இப்போது எடுத்துவிட்டு, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் போதும்.

மழை செய்த இரண்டு வேலைகள்

இனி அந்தக் கறுத்த விரலுக்கு வருவோம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை செடிக்குத் தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. இலையைக் கழுவிவிட்டது, பையிலிருந்த உப்பை அடித்துக்கொண்டு போனது. ஜனவரி பிறந்ததும் மழை ஏறக்குறைய நின்றுபோகிறது. அதற்குப் பிறகு தூசியும் உப்பும் நாளுக்கு நாள் கூடுவதே தவிரக் குறைவதில்லை.

முதலில் தூசி. இரும்பு உருக்கும் ஆலைகள், லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, கட்டட வேலை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் வட்டாரம் இது. கும்மிடிப்பூண்டி மட்டுமின்றி, தேர்வாய்க் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளை ஒட்டிய வீடுகளுக்கும் இது பொருந்தும். இலைமேல் படியும் தூசி வெளிச்சத்தை மறைக்கிறது. இலை மூச்சுவிடும் துளைகளை அடைக்கிறது. கறுப்புத் தூசியானால் வெயிலை இழுத்து இலையைச் சூடாக்குகிறது. காலைப் பனி அதை நனைத்து, வெயில் அதை உலர்த்தி, அடுத்த நாள் மறுபடி நனைத்து என்று நாலு நாள் போனால் தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். செஞ்சிலந்திக்கு இது கொண்டாட்டம். தூசி படிந்த இலையில் அதைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்கு நடமாட முடியாது, சிலந்தி பெருகும். வாரம் ஒருமுறை அதிகாலையில் இலையின் மேலும் அடியும் நனையத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதே மருந்து. கழுவிய இலை வெயிலில் உலர்ந்துவிட வேண்டும் என்பதால் மாலையில் செய்யாதீர்கள்.

தொழிற்பேட்டைத் தூசியில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பயப்படுவதைவிடப் பயிரைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் வழி. உலோகம் வேரிலும் இலையிலும் தங்கும் அளவுக்குப் பழத்துக்கும் காய்க்கும் போவதில்லை. ஈயத்தைப் பொறுத்தவரை செடிக்குள் ஏறுவதைவிட இலைமேல் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பெரிய கவலை. ஆகவே சாலையைப் பார்த்த பக்கம் தக்காளி, கத்தரி, வெண்டை, கொடிக் காய்கள். சுவர் மறைவான உள்பக்கம் கீரைகள். கீரையை ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஆலை ஓரத்து மண்ணை அள்ளிவந்து பையை நிரப்பாதீர்கள். தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், நம்பிக்கையான இடத்துச் செம்மண் என்ற கலவை பாரத்தையும் குறைக்கும். அதிலுள்ள மக்கு, உலோகங்களைப் பிடித்துவைத்து வேருக்குப் போகாமல் தடுக்கவும் உதவும்.

தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுக்கத் தொடங்கிய மாடித் தோட்டத் தொகுப்பிலேயே நார்க்கழிவுக் கட்டி இருந்தது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. ஆனால் அதிலும் உப்பு உண்டு. ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்காகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் ஊடுருவியது, நீரியல் பாடங்களில் வரும் உதாரணம். கடலோரத்தை நெருங்க நெருங்கப் போர் தண்ணி உப்புக் கரிக்கும். பையில் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்; உப்பு போகாது. பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது கோடையின் முன்னறிவிப்பு. மண்ணில் உப்பு கூடினால், பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. இலை நுனி கருகும்.

எந்தச் செடி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதை மாஸ், ஹாஃப்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் பட்டியலிட்டார்கள். மண் கரைசலின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே பீன்ஸும் கேரட்டும் விளைச்சலைக் குறைக்கத் தொடங்கும், தக்காளி 2.5 வரை பொறுக்கும். பீட்ரூட் 4 வரை தாங்கும். உப்புத் தண்ணி வீட்டில் எதை நடலாம் என்பதற்கு இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவு நீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்த தண்ணீரின் உப்பு முழுவதும் சுருங்கி வந்து நிற்பது அதில்தான். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இருப்பதில் நல்ல தண்ணீரை, அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றுங்கள். மழை செய்த வேலையை நாம் செய்வது அவ்வளவுதான். தண்ணீர், மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் திருவள்ளூரை அடுத்த திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

காற்றின் தாகம்

பங்குனியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போவதற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை வாங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் செடியின் மேல் விழும் இழுவை. 29 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள தை மாதப் பகலோடு, 36 டிகிரியும் 45 விழுக்காடும் உள்ள கோடைப் பகலை ஒப்பிட்டால், வெப்பம் கூடியது ஏழு டிகிரிதான். காற்றின் தாகமோ இரண்டு மடங்காகிவிடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க ஆழமாக ஓடிய வேர் வேண்டும். வேர் வளர்வது இந்தப் பனி மாதங்களில்.

மாடியில் இன்னொரு சிக்கல், கான்கிரீட் தளம். பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை அது இரவில் திருப்பிக் கொடுக்கும். கறுப்புப் பையை நேராகத் தளத்தில் வைத்தால் வேர் இரண்டு பக்கமும் வேகும். வெள்ளைப் பை, அதன் அடியில் செங்கல் அல்லது மரச்சட்டம், மேலே காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ கொண்டு மூடாக்கு. இந்த மூன்றையும் மாசிக்குள் செய்து முடித்துவிட வேண்டும். நிழல்வலைக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். பனிக்கால வெயில் செடிக்கு வேண்டியது. கம்பத்தை மட்டும் நட்டு வைத்துக்கொண்டு, பங்குனி நடுவில் 50 விழுக்காடு வலையைக் கட்டினால் போதும்.

அழைக்காத விருந்தாளி

வெயில் ஏறும்போது மாவுப்பூச்சியும் இலைப்பேனும் வெள்ளை ஈயும் கூடவே ஏறும். கண்ணில் பட்டதும் கடையில் கேட்டு ஏதாவது ஒரு மருந்தை அடிப்பதற்கு முன், தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 2008இல் கோவையில் முதன்முதலாகக் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. எந்த மருந்துக்கும் அது சரியாகக் கட்டுப்படவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற, கடுகைவிடச் சிறிய ஒரு குளவியை பெங்களூரிலுள்ள வேளாண் முக்கியத்துவம் வாய்ந்த பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் வரவழைத்துப் பெருக்கியது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, சில மாதங்களில் அதை அடக்கிவிட்டது.

இத்தகைய குளவிகள் உங்கள் மாடியிலும் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கடும் பூச்சிமருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான். மாவுப்பூச்சி ஓரிரு கிளையில் இருக்கும்போதே கிளையை நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதற்குக் காவல் நிற்கும் எறும்புப் பாதையை மறியுங்கள். மீதியை வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல் பார்த்துக்கொள்ளும். கொடிக் காய் இலைகளில் மாவு தூவியதுபோல வரும் சாம்பல் நோய் இந்தக் குளிர்ந்த இரவுகளின் கடைசிக் கைவரிசை. இலை நனையாமலே அது பரவும் என்பதால், அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுப்பதே முதல் வேலை.

ஆகப் பொறுப்புகள் கை மாறுகின்றன. இலையைக் கழுவுவது, உப்பை வெளியேற்றுவது, வேரைக் குளிர வைப்பது, பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது என்று மழையும் பனியும் தேனீயும் செய்துவந்த வேலைகள் பங்குனிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். இன்னும் சில வாரங்கள் பனி உங்களுக்காக வேலை செய்யும். இன்று இரவு ஒரு பிடி வெண்டை விதையைத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில், இலையில் பனி உலர்வதற்குள், பைக்கு இரண்டாக ஊன்றிவிடுங்கள்.